வெளியே நிறுத்திவைத்த வண்டி

சிக்னல் எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் டிரெய்னிங் ஸ்கூலில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தியைக் கூப்பிட்டு, புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளிடம் ஏதாவது பேசுங்கள் என்றால், எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை பெருத்துக்கொண்டே போன வருஷங்கள் அவை. இரண்டாயிரத்துக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இருந்த ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான். பெயர் வேண்டாம். புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் வந்துவிடலாம். ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் பஸ் ஸ்டாண்ட். இரண்டையும் சேர்த்து மேலே ஒரு தளம் கட்டினார்கள். டிக்கெட் கவுண்டர், உட்கார பெஞ்சு, ரெண்டு டீக்கடை எல்லாம் அந்த மேல்தளத்தில். ரயிலை விட்டு இறங்கினால் படி ஏறி மேலே வர வேண்டும். அந்தப் பக்கப் படியில் இறங்கினால் பஸ். நகரத்து மையத்தில் இருக்க வேண்டிய கட்டடம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் பெருமை. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் மாடி ஸ்டேஷன்.

பெருமை இருந்தது, ஆனால் பஸ்காரர்களுக்கும் எங்களுக்கும் பேச்சு கிடையாது. தளத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் அவர்களுடையது. எங்கள் பெருக்குகிற அம்மா கோடு வரைக்கும் பெருக்குவார். அவர்கள் ஆளும் கோடு வரைக்கும் பெருக்குவார். கோட்டின் மேல் மட்டும் குப்பை சேர்ந்துகொண்டே இருக்கும்.

நான் அங்கே போன புதிதில் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. எங்கள் வண்டி கொஞ்சம் லேட்டானாலும் பழவேற்காடு பஸ் போய்விடும். கம்பெனி வேலை முடிந்து வரும் பெண்கள் படி ஏறி, ஓடி, அந்தப் பக்கம் இறங்கிப் பார்த்தால் பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரியும். ஒரு நாள் நானே கோட்டைத் தாண்டிப் போனேன். பஸ் ஸ்டாண்டின் டைம்கீப்பர் கரீம் பாய். பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பத்தில் எல்லோரும் ஜவுளி வியாபாரம், இவர் ஒருத்தர்தான் பஸ்ஸுக்கு விசில் ஊத வந்தவர். நான் போய் நின்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இன்னா மேடம், ரயில்காரங்க எங்கூட்டுப் பக்கம் வந்துகினு இருக்கீங்க?"

"வண்டி லேட்டுன்னா நான் உங்களுக்குச் சொல்றேன் பாய். பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?"

"ரூல்ல எடம் கெடையாது." கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "ஆனா டிரைவர் டீ குடிக்கலாம். அதுக்கு ரூல்ல எடம் கீது."

அவ்வளவுதான். அன்றைக்கு அவர் செல் நம்பரை நான் வாங்கிக்கொண்டேன், என்னுடையதை அவருக்குக் கொடுத்தேன். இதை ஏன் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் என்றால், நெருக்கடி வரும் நாளில் போய் யாரிடமும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள முடியாது. பக்கத்து வேலிக்காரர் யார், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சும்மா இருக்கும் நாளில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே விடாமல் கொட்டியது. மத்தியானம் எங்களுக்கு வடக்கே மின்கம்பி அறுந்து வண்டிகள் நின்றுவிட்டன. பஸ்ஸும் சரியில்லை. புதுவாயலில் ரோட்டின் மேல் தண்ணீர் போய், வர வேண்டிய பஸ்ஸெல்லாம் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தன. இதற்கிடையில் கம்பெனிகளில் ஷிப்ட் விட்டார்கள். கம்பெனி பஸ்ஸுகள் வழக்கம்போல ஆட்களைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன.

பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். பிளாட்பாரத்தில் கூரை கொஞ்ச தூரம்தான். நனையாமல் நிற்க ஒரே இடம் அந்த மேல்தளம். எல்லோரும் மேலே ஏறினார்கள். ரயிலுக்கு நிற்பவர்களும் அங்கே, பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அங்கே. இடம் போதாமல் ரெண்டு பக்கப் படிகளிலும் ஜனம் உட்கார்ந்துவிட்டது.

என் அறை கீழே, முதல் பிளாட்பாரத்தில். சிக்னல் போடும் பேனலை விட்டு நான் நகர முடியாது. அதனால் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஏழுமலையிடம் ஒரு வாக்கிடாக்கியைக் கொடுத்து மேலே அனுப்பினேன். நான் கேட்பதற்கு முன்னால் தானாக எதையும் பேசாத மனிதர். போன கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"மேடம், மேல எடமே இல்ல. நான் நின்ன எடத்துலருந்து திரும்பக்கூட முடியல."

"படி எப்படி இருக்கு?"

"படியா? படி எங்க மேடம் தெரியுது? தலைதான் தெரியுது. பொம்பளைங்க கொழந்தைய மடில வெச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்காங்க."

அதே நேரம், வண்டிகளின் ஓட்டத்தை நடத்தும் கன்ட்ரோல் ஆபீசிலிருந்து போன். கம்பி சரியாகிவிட்டது, வடக்கிலிருந்து முதல் வண்டி சென்னைப் பக்கம் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது, உடனே உள்ளே வாங்கி அனுப்பு என்றார்கள். காலையிலிருந்து கேட்க ஆசைப்பட்ட செய்தி. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் படிதான் நினைவுக்கு வந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். மத்தியானத்திலிருந்து வண்டிக்குக் காத்திருக்கும் ஜனம். மேலே நிற்பவர்களுக்கு வண்டி வருவது கண்ணாடி வழியாகத் தெரியும். தெரிந்ததும் என்ன செய்வார்கள்? சென்னை பிளாட்பாரத்துக்கு ஒரே படி. அந்தப் படி முழுக்க ஈரம், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பெண்கள், குழந்தைகள். அவர்கள் எழுந்திருப்பதற்குள் மேலிருந்து கூட்டம் இறங்கிவிடும்.

ஸ்டேஷனுக்கு வெளியே, வண்டியை உள்ளே விடலாமா என்று சொல்கிற ஹோம் சிக்னல் இருக்கிறதே, அதை நான் சிவப்பிலேயே வைத்தேன். வண்டி அங்கே வந்து நின்றது. தளத்திலிருந்து பார்த்தால் தெரியாத தூரம். நடுவில் ஒரு வளைவு.

கன்ட்ரோல் விடவில்லை. "என்னம்மா, லைன் காலியா இருக்கு. ஏன் சிக்னல் குடுக்கல?"

"பிளாட்பாரம் தயாரா இல்ல சார். கூட்டத்தை எறக்கிட்டு எடுக்கறேன்."

"கூட்டம் எங்கதான் இல்ல? பின்னால இன்னும் ரெண்டு வண்டி நிக்குது. சீக்கிரம்."

சரி சார் என்று வைத்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து வண்டி மட்டும்தான் தெரியும். படி தெரியாது.

கரீம் பாய்க்குப் போன் போட்டேன். "பாய், எனக்கு மேல இருக்கற ஜனத்துல பாதியை நீங்க எடுத்துக்கணும்."

"பஸ்ஸே இல்லயே மேடம். ஒண்ணு ரெண்டுதான் வந்து நிக்குது. அதுலயும் ஏற மாட்டேங்கறாங்க. தண்ணில யாரு எறங்கி நடப்பாங்க?"

"கம்பெனி பஸ் எல்லாம் ஆளை எறக்கிட்டுக் காலியா திரும்புது இல்ல, அதை நிறுத்துங்க. பொன்னேரி வழியா செங்குன்றம் வரைக்கும் போகச் சொல்லுங்க. நிறுத்தற எடத்துல வேணாம். படிக்கட்டு வாசல்லயே கொண்டுவந்து ஒட்டி நிறுத்துங்க."

கம்பெனி பஸ்ஸுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் சொன்னால் அந்த டிரைவர்கள் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

"சரி, பஸ் ஸ்டாண்ட் கேட்ல குறுக்கப் போய் நிக்கறேன். என்மேல ஏத்தவா போறானுங்க?" என்றார்.

அப்போதுதான் வெளியே நின்ற வண்டியின் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். "மேடம், உள்ள எடுங்க மேடம். இங்க ஒருத்தருக்கு நெஞ்சு வலி. ரொம்ப வேர்க்குது. பையன் கூட இருக்கான், அழறான்."

அவர் பேசும்போதே பின்னால் அந்தப் பையனின் குரல் கேட்டது. பையன் என்றால் சின்னப் பையன் இல்லை. வேலைக்குப் போகும் வயது. "நைனா, நைனா, கண்ணைத் தொறங்க நைனா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

நான் ஆர்.கே.பேட்டைக்காரி. எங்கள் வீட்டிலும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் குரல் காதில் விழுந்ததும் என் கை பேனலுக்குப் போய்விட்டது. பட்டனைத் தொட்டும் விட்டேன். அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஏழுமலையைக் கேட்டேன். "படி தெரியுதா?"

"இல்ல மேடம்."

ஒரு பக்கம் ஒரு மனிதர், அவருக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிகிறது. இன்னொரு பக்கம் எத்தனையோ பேர், அவர்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் மனசு கண்ணுக்குத் தெரிகிற பக்கம்தான் சாயும். சாய்வது தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு மூச்சு நேரம் கொடுங்கள். அந்த மூச்சில் எனக்கு ஒன்று தோன்றியது: அந்த மனிதரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், வண்டியையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டுமா?

வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லெவல் கிராசிங் கேட் உண்டு. கார்டிடம் சொன்னேன். "அவரை அங்கயே எறக்குங்க. கேட்டுக்கு வேன் அனுப்பறேன்."

"மேடம், பிளாட்பாரம் இல்லாத எடம். ஜல்லி மேல எறக்கணும். மழை வேற."

"ஆளுங்களைக் கூப்புடுங்க. நாலு பேர் தாங்கினா எறக்கிடலாம். கேட்மேன் குடை கொண்டு வருவார். ஸ்டேஷனுக்கு வந்தாலும் இந்தக் கூட்டத்துல அவரைப் படி ஏத்த முடியாது சார். அங்கதான் சீக்கிரம்."

கேட்மேனுக்குச் சொன்னேன். பாய்க்கு மறுபடியும் போன். அவர் நிறுத்திவைத்திருந்த ஒரு கம்பெனி வேனை அப்படியே கேட்டுக்குத் திருப்பிவிட்டார். "டிரைவர் உங்க ஊர்ப் பக்கம், பள்ளிப்பட்டு ஆளு. சொன்னதும் கெளம்பிட்டான்" என்று மட்டும் சொன்னார்.

இனி என் வேலை. மைக்கை எடுத்தேன். என்ன சொல்வது? நாங்கள் வழக்கமாகச் சொல்வது உங்களுக்குத் தெரியும்: பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தவிர்க்க முடியாத காரணங்களால். அதைச் சொன்னால் மேலே இருக்கும் ஒருவர்கூட நகர மாட்டார். வண்டி ரத்து என்று சொல்லலாம். சொன்னால் பாதி பேர் பஸ்ஸுக்கு இறங்கிவிடுவார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே வண்டி வந்து நிற்கும். அன்றைக்குத் தப்பித்துவிடலாம், அடுத்த முறை என் மைக்கை எவர் நம்புவார்?

அதனால் உள்ளதைச் சொன்னேன். "நான் ஸ்டேஷன் மாஸ்டர் பேசறேன். மெட்ராஸ் வண்டி வந்துடுச்சி. வெளியில நிக்குது. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். படியில கொழந்தைங்க ஒக்காந்திருக்கறதால உள்ள விடாம வெச்சிருக்கேன். படி காலியானாதான் சிக்னல் போடுவேன். படியில இருக்கறவங்க மொதல்ல எழுந்து பிளாட்பாரத்துக்கு வந்து, கடைசி வரைக்கும் நடந்து போய் நில்லுங்க. நனைவீங்க, தெரியும். மேல இருக்கறவங்க அதுக்கப்புறம் எறங்குங்க. பஸ்ல போகக்கூடியவங்க அந்தப் பக்கம் போங்க. பஸ் படிக்கட்டு வாசல்லயே நிக்குது, தண்ணில நடக்க வேணாம்."

மேலே ஒரு சத்தம் எழுந்தது. திட்டினார்கள். "இன்னாமா, பேஜாரு பண்ணிக்கினு" என்று ஒருவர் கத்தியது என் அறை வரைக்கும் கேட்டது. நான் அதையே இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகச் சொன்னேன்.

பிறகு ஒரு பெண் குரல். ஏழுமலையின் வாக்கிடாக்கி வழியாகவே அது எனக்குக் கேட்டது. "அந்தம்மாதான் சொல்றாங்கல்ல, எழுந்திருங்க! நீங்க எழுந்தாதானே வண்டி வரும். ஊட்டுக்குப் போவ வேணாமா?" அவர் எஸ்தர் என்றும், பாட்டரி கம்பெனியில் வேலை என்றும் பின்னால் தெரிந்தது. படியின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, பக்கத்தில் இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் அம்மாவையும் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவர்கள் ரெண்டு பேரும் நனைந்துகொண்டே பிளாட்பாரத்தில் நடந்து போவதை என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஒரு குடும்பம். தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெரியவர்.

அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டர்களின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பொன்னேரி, பொன்னேரி. செங்குன்றம் ஏறு, செங்குன்றம். பழவேற்காடு. அவ்வளவு வருஷ வேலையில் அந்தச் சத்தம் எனக்கு அப்படி இனித்ததில்லை.

கன்ட்ரோல் மறுபடியும் கூப்பிட்டது. எடுத்தேன், "படி பாத்துக்கினு இருக்கேன் சார்" என்றேன், வைத்துவிட்டேன். கார்டு சொன்னார், ஆளை இறக்கிவிட்டோம், வேன் போய்விட்டது, மகனும் கூடப் போயிருக்கிறான் என்று. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் ஏழுமலை, "இப்ப படி தெரியுது மேடம்" என்றார்.

சிக்னல் கொடுத்தேன். வண்டி மெதுவாக உள்ளே வந்தது. ஜனம் ஏறியது, தள்ளிக்கொண்டும் திட்டிக்கொண்டும்தான் ஏறியது. யாரும் விழவில்லை. வண்டி போனது. ஏழுமலை தலை முதல் கால் வரை நனைந்து வந்து, டீ வாங்கிவரப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் நிறைய நாள் இருக்க வேண்டியிருந்தது. நெஞ்சு வலியோடு இருந்த அப்பாவை ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்தி, மழையில், ஜல்லிக்கல் மேல் இறக்கச் சொன்னார்கள் என்று மகன் புகார் கொடுத்தான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விசாரணைக்கு ஒரு அதிகாரி எங்கள் ஸ்டேஷனுக்கே வந்தார். மரியாதையான மனிதர். அந்த மகனும் வந்திருந்தான். கூப்பிடாமலேயே கரீம் பாயும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கேட்டார்: "அன்னைக்குக் கூட்ட நெரிசல் ஏற்பட்டுதா?"

"இல்ல சார்."

"யாருக்காவது காயம்?"

"ஒருத்தருக்கும் இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு வண்டியை நிறுத்தினீங்க?"

என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. நடந்திருந்தால் சாட்சி இருக்கும். நடக்காததற்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஏழுமலை சொன்னார். பாயையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அப்போது அந்த மகன் என்னைப் பார்த்து, "உங்க அப்பாவா இருந்தா நிறுத்தி வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எடுபட்டிருக்கும். ஆனால் அவன் கண் அழுது வீங்கியிருந்தது.

"இல்லப்பா" என்றேன். "எங்க அப்பாவா இருந்தா உடனே உள்ள விட்டிருப்பேன். அவர் எங்க அப்பா இல்லங்கறதாலதான் என்னால நிதானமா யோசிக்க முடிஞ்சுது. நீ கேட்டது நியாயம்."

அதிகாரி பேனாவை மூடினார்.

முடிந்து வெளியே வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "பஸ்ஸு எந்தப் பக்கம்?" என்று என்னைத்தான் கேட்டான், வேறு யாரும் பக்கத்தில் இல்லை. எனக்கும் டியூட்டி முடிந்திருந்தது. வா, காட்டுகிறேன் என்று படி ஏறினேன். அவன் அந்தத் தளத்தைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வண்டியோடு வெளியிலேயே இருந்தவன்; விசாரணைக்கும் ரயிலில் இறங்கி நேரே என் அறைக்கு வந்தவன்தானே.

ஷிப்ட் விடும் நேரம். நாங்கள் மேலே ஏறவும், பஸ் பக்கத்திலிருந்து கம்பெனி ஜனம் வந்து ஏறவும் சரியாக இருந்தது. டிபன் பைகள், அடையாள அட்டைகள், பேச்சு, சிரிப்பு. எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் ஒரு தூணோடு ஒட்டி நின்றுவிட்டான். கீழே படியையும் மேலே வந்துகொண்டிருந்த கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தெனமும் இவ்ளோ ஜனமா?" என்றான்.

"மழை இல்லாத நாள்ல இவ்ளோ."

பஸ் படிக்கு வந்தபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கத் தயங்கி நின்றாள். அவன் நின்று, பின்னால் வந்தவர்களைக் கையால் மறித்து, அவளை முதலில் இறங்கவிட்டான். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனான்.

புகாரை அவன் வாபஸ் வாங்கவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. வர வேண்டிய பிரமோஷன் கொஞ்ச காலம் தள்ளிப்போனது. அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஆனால் எச்சரிக்கை வந்த மறுநாள் டியூட்டிக்கு வந்து உட்கார்ந்ததும், முதல் வண்டிக்கு சிக்னல் கொடுப்பதற்கு முன்னால், மேலே டிக்கெட் கவுண்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன்: "படி எப்படி இருக்கு?" நீங்களும் கேளுங்கள்.